ஓரத்துச் சொற்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஏதோ உத்தியோகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். காபியைக் குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். இங்கிலீஷ் வினாத்தாள். கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு நாலு சொற்கள் கொடுத்திருந்தார்கள்: பார்டர், பவுண்டரி, ஃபிரான்டியர், எட்ஜ்.

"அகராதியைப் பார்த்தேன், மாமா. நாலுக்கும் எல்லை, ஓரம், விளிம்பு என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. ஒரே அர்த்தம் என்றால் நாலு சொல் எதற்கு?" என்றான்.

எனக்குப் பழைய காயம் ஒன்று ஞாபகம் வந்தது. கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், 'என் கிராமம்' என்று இங்கிலீஷில் ஒரு வியாசம் எழுதச் சொன்னார்கள். எங்கள் வயலின் கிழக்கு எல்லையில் ஒரு பனைமரம் உண்டு. அதைப் பற்றி எழுதும்போது, 'எங்கள் வயலின் ஃபிரான்டியரில்' என்று எழுதிவிட்டேன். சொல் புதிது, கம்பீரமாக இருந்தது, போட்டுவிட்டேன். இங்கிலீஷ் ஆசிரியர் சிவப்பு மசியில் அதைச் சுழித்து, வகுப்பில் உரக்கப் படித்து, "உன் தகப்பனாரிடம் சைன்யம் எத்தனை பேர் அப்பா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. சொல் தப்பு என்பது எனக்கு அன்றே தெரிந்துபோயிற்று. ஏன் தப்பு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின. இலக்கணப் புத்தகங்களில் அது இல்லை. சரித்திரப் புத்தகங்களில்தான் இருந்தது.

அன்று தங்கை மகனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாலு சொற்களின் பிறப்பைப் பார்த்துவிடலாம். 'பார்டர்' என்ற சொல்லை இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். துணியின் ஓரத்தில் தைக்கும் பட்டை, கேடயத்தின் ஓரத்தில் வரையும் பட்டை, இவைதாம் அதன் பழைய அர்த்தம். நம் புடவைக் கடைகளில் 'பார்டர் நன்றாயிருக்கிறது' என்று பெண்கள் சொல்லும்போது, அந்தச் சொல்லைப் பிறந்த வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துப் பேசுகிறார்கள். நாமும் புடவைக்குக் கரை என்கிறோம். ஆற்றுக்கும் கரை என்கிறோம். பார்டருக்கு அகலம் உண்டு. அதன்மேல் பூ வேலை செய்யலாம், ஜனங்கள் குடியிருக்கலாம்.

'பவுண்டரி' அப்படியல்ல. அதன் வேரான சொல்லுக்கு எல்லைக் கல் என்று அர்த்தம். கல்லை நட்டுக் கயிறு பிடித்தால் கிடைக்கும் கோடு அது. இதுவரை உன்னுடையது, இதற்கு மேல் என்னுடையது. அதற்கு அகலம் கிடையாது. 'எட்ஜ்' இன்னும் பழைய சொல். ஆதி இங்கிலீஷில் அதற்கு வாளின் கூர்ப்பக்கம் என்று பொருள். வாளையே அந்தப் பெயரால் சொல்வதும் உண்டு. மலைப்பாறையின் விளிம்புக்கு அந்தச் சொல்லைப் போடுகிறவன், அங்கே கால் வைத்தால் அறுபடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். 'ஃபிரான்டியர்' லத்தீனில் நெற்றியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நெற்றி எதிரியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். படையின் முன்வரிசைக்கும், அது போய் நிற்கும் நிலத்துக்கும் அந்தப் பெயர்.

ஆக, ஒன்று துணியிலிருந்தும், ஒன்று கல்லிலிருந்தும், ஒன்று கத்தியிலிருந்தும், ஒன்று நெற்றியிலிருந்தும் பிறந்தவை. என் தகப்பனாரின் வயலுக்கு ஏன் சைன்யம் வந்தது என்பது இப்போது விளங்கும்.

இந்த நாலுக்கும் மூத்த சொல் ஒன்று இங்கிலீஷில் உண்டு. வினாத்தாளில் அது இல்லை. 'மார்ச்' என்பது அது. மாதத்தின் பெயரும் அல்ல, படை நடையும் அல்ல. எல்லைப் பிரதேசம் என்று அர்த்தம். இங்கிலாந்தின் நடுவே பழங்காலத்தில் மெர்சியா என்று ஒரு ராஜ்யம் இருந்தது. எல்லையில் இருப்பவர்களின் நாடு என்பதுதான் அந்தப் பெயர். டென்மார்க்கின் வாலில் இருக்கும் 'மார்க்' அதே சொல். மார்க்விஸ் என்று பிரபுக்களுக்குப் பட்டம் உண்டல்லவா? எல்லையைக் காத்தவன் என்று அர்த்தம். பட்டம் வாங்கியவர்களில் அநேகர் பிற்காலத்தில் எந்த எல்லையையும் பார்த்திருக்கமாட்டார்கள்.

757 முதல் 796 வரை மெர்சியாவை ஆண்டவன் ஆஃபா என்ற ராஜா. வேல்ஸ் தேசத்துக்கும் தன் ராஜ்யத்துக்கும் நடுவில் மைல் கணக்கில் மண்கரையும் பள்ளமும் வெட்டுவித்தான். அது இன்னும் பல இடங்களில் மேடாகக் கிடக்கிறது. அந்த மேட்டுக்கு மேற்கே இருந்தவர்களுக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர்தான் 'வெல்ஷ்'. அதன் பழைய அர்த்தம் என்ன தெரியுமா? அந்நியர்கள்! தீவில் முன்பே குடியிருந்தவர்கள் அவர்கள். கடல் கடந்து வந்தவர்கள் இவர்கள். வந்தவர்கள் இருந்தவர்களைப் பார்த்து அந்நியர் என்றார்கள்; அந்தப் பெயரே உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. அவர்களோ தங்களைக் 'கம்ரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே நாட்டார், கூடப் பிறந்தவர் என்பது போன்ற பொருள் அதற்கு. கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்நியர். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சொந்தக்காரர். எல்லை பற்றிய சொற்களில் எல்லாம் இந்த வம்பு உண்டு. சொல்கிறவன் எங்கே நின்றுகொண்டு சொல்கிறான் என்று கேட்காமல் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

இதைக் கண்ணால் காண வேண்டுமானால் அந்த வேல்ஸ் எல்லையிலேயே ஹியர்ஃபோர்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே உள்ள மாதாகோவிலில் சுமார் 1300-ல் எழுதிய உலகப் படம் ஒன்று இருக்கிறது. ஒரே கன்றுத் தோல். ஐந்தடிக்குச் சற்று அதிக உயரம். அதில் வடக்கு மேலே இல்லை. கிழக்குதான் மேலே. சூரியன் உதிக்கும் திசை, சொர்க்கத் தோட்டம் இருக்கும் திசை என்று அக்காலத்தார் நம்பியதால் அதற்குத் தலைமை ஸ்தானம். 'ஓரியன்ட்' என்ற சொல்லுக்கு உதயம் என்றுதான் பொருள். இன்று வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நடக்கும் 'ஓரியன்டேஷன்' கூட, மூலத்தில் கிழக்கு நோக்கித் திருப்பி வைப்பதுதான்.

நமக்கு இது விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. மேற்கு என்ற நம் சொல்லிலே 'மேல்' இருக்கிறது; கிழக்கிலே 'கீழ்' இருக்கிறது. மலை மேற்கே, கடல் கிழக்கே, தண்ணீர் ஓடும் வழி நமக்குத் திசை சொல்லிக் கொடுத்தது. ஹியர்ஃபோர்டுக்காரர் வேதத்தைப் பார்த்து மேலே கீழே சொன்னார். நம் முன்னோர் ஆற்றைப் பார்த்துச் சொன்னார்கள். பின்னால் ரயில் வந்தபோது இங்கிலீஷ்காரர் லண்டனைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். வடக்கிலிருந்து புறப்பட்டாலும், மேற்கிலிருந்து புறப்பட்டாலும், லண்டனுக்குப் போவது 'அப்' வண்டி. லண்டனை விட்டுப் போவது 'டவுன்' வண்டி.

அந்தத் தோல் படத்துக்குத் திரும்புவோம். நட்ட நடுவில் ஜெருசலேம். மேலே கிழக்குக் கோடியில் இந்தியா. அங்கே ஒரே ஒரு காலுடைய மனிதன் அந்தக் காலையே குடையாகப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குப் படுத்திருக்கிறான். தெற்கு ஓரத்தில் தலையில்லாதவர்கள், மார்பிலே முகம் உள்ளவர்கள். நடுவிலிருந்து விலக விலக மனிதர்களுக்கு அவயவங்கள் குறைகின்றன. நம் தேசத்தாருக்கு ஒரு காலாவது கொடுத்தார்களே என்று சந்தோஷப்படலாம். ஆனால் என்னைக் கவர்ந்தது வேறு. இந்தப் படம் இருக்கும் தேசம், பிரிட்டன், படத்தில் எங்கே இருக்கிறது? கீழே, இடது மூலையில், வட்டத்தின் விளிம்பில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஹியர்ஃபோர்டும் அதில் குறித்திருக்கிறது. உலகத்தின் ஓரத்தில் ஒரு தீவு, தீவின் ஓரத்தில் ஓர் ஊர். ஓரத்தில் இருந்தவர்கள் தங்களை ஓரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். தங்களை நடுவில் எழுதிக்கொள்ளும் தைரியம் அந்தத் தேசத்தாருக்குப் பின்னால்தான் வந்தது. அந்தப் படத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்ற பெயர்களைப் பொன்னெழுத்தில் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். 1988-ல் பண முடையால் இந்தப் படத்தை விற்றுவிட மாதாகோவிலார் யோசித்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. கடைசியில் பணம் திரண்டு, படம் ஊரிலேயே தங்கிவிட்டது.

*

எல்லைச் சொல் ஒன்று ஒரு மனிதனின் கொலை வழக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்த கதை சொல்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு இதை விட்டுவிட மனம் வராது.

'வெர்ஜ்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு இன்று விளிம்பு என்று பொருள். சாலை ஓரத்துப் புல்தரைக்கும் அந்தப் பெயர். அழுகை முட்டிக்கொண்டு நிற்பவளையும் அழுகையின் வெர்ஜில் நிற்கிறாள் என்பார்கள். மூலத்தில் அது கோல். லத்தீனில் கோலுக்கும் பிரம்புக்கும் உள்ள பெயர். ராஜாவின் அரண்மனை அதிகாரி கையில் பிடித்த கோல் அதிகாரத்தின் சின்னம். அந்தக் கோலின் அதிகாரம் செல்லும் இடத்துக்கும் 'கோல்' என்றே பெயராயிற்று. நம் செங்கோலும் அப்படித்தானே? இங்கிலாந்தில் அதற்குக் கணக்கு இருந்தது. ராஜாவோ ராணியோ தங்கியிருக்கும் இடத்தைச் சுற்றி 12 மைல். ராணி நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். அந்த வட்டத்துக்குள் நடக்கும் குற்றங்களில் அரண்மனை அதிகாரிகளுக்குத் தனி உரிமை.

1593-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, லண்டனை அடுத்த டெப்ட்ஃபோர்டில், எலினார் புல் என்ற அம்மாளின் வீட்டில் நாலு பேர் பகல் முழுவதும் பேசிக்கொண்டும், சாப்பிட்டுக்கொண்டும், தோட்டத்தில் உலாவிக்கொண்டும் இருந்தார்கள். சாயங்காலம் சாப்பாட்டுக் கணக்கைத் தீர்ப்பதில் தகராறு. ஒருவன் கண்ணுக்கு மேலே கத்தி பாய்ந்து அங்கேயே இறந்தான். அவன் பெயர் கிறிஸ்டஃபர் மார்லோ. வயது 29. 'டாக்டர் ஃபாஸ்டஸ்' எழுதியவன். ஷேக்ஸ்பியரும் அவனும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். அன்றைய தேதியில் இருவரில் பெரிய பெயர் மார்லோவுக்குத்தான்.

ராணி எலிசபெத் அப்போது 12 மைலுக்குள் எங்கோ தங்கியிருந்தாள். ஆகவே டெப்ட்ஃபோர்டு வீடு 'வெர்ஜு'க்குள் அடங்கியது. மரண விசாரணையை நடத்தியவர் ராணியின் அரண்மனை விசாரணை அதிகாரி வில்லியம் டான்பி. ஜூன் 1-ந் தேதி விசாரணை நடந்தது. குத்திய இங்ரம் ஃபிரைசர் தற்காப்புக்காகக் குத்தினான் என்று தீர்ப்பு. ஜூன் 28-ந் தேதி ராணியின் மன்னிப்பும் வந்துவிட்டது. அறையில் இருந்த மற்ற இருவரில் ஒருவன் அரசாங்க ஒற்றன். அந்த விசாரணைக் காகிதங்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. லெஸ்லி ஹாட்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் தேடிப் பிடித்து 1925-ல் வெளியிட்டார். அது தற்காப்பா, சதியா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. ராணி அன்று இன்னும் சில மைல் தள்ளித் தங்கியிருந்தால் வேறு அதிகாரி விசாரித்திருப்பார். ஒரு கோலின் நீளத்துக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதில் ஒரு கவியின் சாவு அடங்கியிருந்தது.

'பேல்' என்று இன்னொரு சொல். கூராகச் சீவி நட்ட கழி. கழிகளை வரிசையாக நட்டால் வேலி. வேலிக்கு உட்பட்ட நிலமும் பேல். அயர்லாந்தில் டப்ளினைச் சுற்றி இங்கிலீஷ் அதிகாரம் உண்மையாகச் செல்லுபடியான சிறு நிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அயர்லாந்தில் குடியேறிய இங்கிலீஷ்காரர்கள் ஐரிஷ் பாஷை பேசக்கூடாது, ஐரிஷ்காரர்களோடு சம்பந்தம் செய்துகொள்ளக்கூடாது என்று 1366-ல் கில்கென்னியில் சட்டம் போட்டார்கள். சட்டம் போட வேண்டியிருந்தது என்றாலே, பேசிக்கொண்டும் சம்பந்தம் செய்துகொண்டும் இருந்தார்கள் என்று அர்த்தம். அநாகரிகமாக நடப்பவனைப் 'பேலுக்கு அப்பால்' போனவன் என்று இங்கிலீஷில் சொல்வார்கள். டப்ளின் வேலியிலிருந்துதான் அந்த வழக்கு வந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை, வழக்கு மிகவும் பிந்தி வருகிறது என்கிறார்கள். ஆனால் வேலிக்கு வெளியே இருப்பவன் மனிதனில் சேர்த்தியில்லை என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. ரஷ்யாவில் 1791 முதல் 1917 வரை யூதர்கள் வசிக்கலாம் என்று ஒதுக்கிய பிரதேசத்துக்கும் இங்கிலீஷில் 'பேல்' என்றே பெயர். அங்கே வேலி உள்ளே இருப்பவர்களை அடைப்பதற்கு.

*

இனி 'பார்டர்'. புடவைக் கரைக்கும் கேடயத்துக்கும் உரிய இந்தச் சொல் இரண்டு தேசங்களின் நடுவே எப்படி வந்தது? ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இருந்த பூமிதான் அதற்குக் காரணம். 16-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்தப் பிரதேசத்தை 'மார்ச்' என்பதை விட்டுவிட்டுப் 'பார்டர்' என்று சொல்லத் தொடங்கினார்கள். 

காகிதத்தில் அந்த எல்லை 1237-லேயே யார்க் நகரத்து உடன்படிக்கையில் தீர்ந்துவிட்டது. தரையில் தீரவில்லை. 300 வருஷங்களுக்கு மேல் இரண்டு பக்கமும் கொள்ளை. இந்தப் பக்கத்து மாட்டை அந்தப் பக்கத்துக்காரன் ஓட்டிக்கொண்டு போவான். அடுத்த அமாவாசைக்கு அவன் வீடு எரியும். ஆர்ம்ஸ்டிராங், எலியட், கிரஹாம், நிக்ஸன் என்று குலம் குலமாக இந்தத் தொழில். பக்கத்துக்கு மூன்றாக ஆறு 'மார்ச்'சுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் அதிகாரி. எல்லை தாண்டிக் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் செய்துகொண்டால் ராஜத் துரோகம், தண்டனை மரணம். அப்படியும் கல்யாணங்கள் நடந்துகொண்டேதான் இருந்தன.

இங்கிலீஷில் 'பிளாக்மெயில்' என்ற சொல் இந்தப் பூமியின் தானம். 'மெயில்' என்றால் அங்கே குத்தகை, கப்பம். நிலச்சுவான்தாருக்குக் கொடுப்பது ஒழுங்கான கப்பம். கொள்ளைக்காரனுக்கு, 'எங்கள் மாட்டை மட்டும் விட்டுவிடு' என்று கொடுப்பது கருப்புக் கப்பம். கொள்ளைக்காரனுக்கு 'ரீவர்' என்று பெயர். இழவு வீட்டில் துக்கப்படுகிறவர்களை இங்கிலீஷில் 'பிரீவ்டு' என்கிறோமே, அதுவும் அதே வேர்ச்சொல்தான். பறிகொடுத்தவர்கள் என்று பொருள். தமிழும் இங்கே ஒத்துப்போகிறது பாருங்கள். மாட்டையும் பறிகொடுத்தோம் என்கிறோம். மகனையும் பறிகொடுத்தோம் என்கிறோம்.

எஸ்க், சார்க் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே சுமார் பத்து மைல் நீளம், நாலு மைல் அகலத்தில் ஒரு துண்டு நிலம். அது யாருடையது என்று இரண்டு ராஜ்யங்களும் முடிவுக்கு வர முடியவில்லை. 'வழக்கு பூமி' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு சம்பிரதாயம் மட்டும் இருந்தது. சூரியன் உதித்ததிலிருந்து அஸ்தமிக்கும் வரை இரண்டு பக்கத்து மாடுகளும் அங்கே மேயலாம். இருட்டுவதற்குள் ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். விதைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. பழைய தமிழில் 'எல்' என்றால் வெளிச்சம். 'எல்லை' என்றால் சூரியன், பகல் என்றும் பொருள் உண்டு. இந்த வழக்கு பூமியைப் பற்றிப் படித்தபோது அந்த அர்த்தம் எனக்கு நினைவு வந்தது. அங்கே பகல்தான் எல்லை.

ஆனால் பசித்தவன் சம்பிரதாயம் பார்ப்பானா? துரத்தப்பட்டவர்களும் துணிந்தவர்களும் அங்கே வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். 1551-ல் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் சேர்ந்து ஒரு விளம்பரம் செய்தார்கள். அந்தப் பூமியில் இருப்பவர்களை இரு தேசத்தாரில் யார் வேண்டுமானாலும் கொள்ளையடிக்கலாம், வீட்டைக் கொளுத்தலாம், கொல்லலாம், கேள்வி கிடையாது! யாருடைய நிலம் என்று தெரியாததால், அதில் இருப்பவன் யாருடைய பிரஜையும் அல்ல. யாருடைய பிரஜையும் அல்லாதவனைக் கொன்றால் அது கொலையும் அல்ல. எவ்வளவு சுத்தமான தர்க்கம்!

மறுவருஷம் 1552-ல் ஒரு பஞ்சாயத்து. இங்கிலாந்து ஒரு கோடு போட்டது. ஸ்காட்லாந்து ஒரு கோடு போட்டது. பிரெஞ்சுத் தூதர் நடுவில் ஒரு கோடு போட்டார். அதன்படி மண்கரை எடுத்தார்கள். 'ஸ்காட்ஸ் டைக்' என்று அது இன்னும் மரங்களுக்கிடையே மங்கலாகக் கிடக்கிறது. பவுண்டரி கிடைத்துவிட்டது, சமாதானம் கிடைக்கவில்லை.

அந்தப் பூமியிலும் ஒரு தர்மம் இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். வழக்குகளைத் தீர்க்க இரு தரப்பும் கூடும் நாளில், மறுநாள் சூரியன் உதிக்கும்வரை யாரும் யாரையும் தொடக்கூடாது. 1596-ம் வருஷம் மார்ச்சு மாதம் அப்படி ஒரு கூட்டம் முடிந்து வீடு திரும்பிய கின்மன்ட் வில்லி என்ற ஆர்ம்ஸ்டிராங்கை இங்கிலீஷ்காரர்கள் பிடித்துக் கார்லைல் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். ஆசாமி பலே கொள்ளைக்காரன்; எத்தனையோ முறை பிடித்திருக்க வேண்டியவன். ஆனாலும் அன்று பிடித்தது தர்மமல்ல. ஏப்ரல் மாதம் ஒரு மழை இரவில் ஸ்காட்லாந்துப் பிரபு பக்ளூ ஒரு சிறு படையோடு வந்து, கோட்டைக்குள் புகுந்து அவனை மீட்டுக்கொண்டு போனார். எலிசபெத் ராணி கொதித்துப்போனாள். கொள்ளையடிப்பதற்கும் விதி உண்டு என்று நம்பிய ஜனங்கள், விதியை மீறிய அரசாங்கத்தை மன்னிக்கவில்லை.

1603-ல் எலிசபெத் இறந்தாள். ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸே இங்கிலாந்துக்கும் ராஜா ஆனார். இரண்டு ராஜ்யத்துக்கும் ஒரே ராஜா என்றால் நடுவில் எல்லை ஏது? ஆகவே அவர் ஓர் உத்தரவு போட்டார். இனிமேல் 'பார்டர்' என்ற பெயரே கூடாது. அந்தப் பகுதிக்கு 'மிடில் ஷயர்ஸ்', அதாவது நடு மாவட்டங்கள் என்று பெயர். நேற்றுவரை ஓரமாக இருந்தது, ஒரு கையெழுத்தில் நடுவாகிவிட்டது!

பெயர் மாற்றத்தோடு நிற்கவில்லை. கோபுர வீடுகளின் இரும்புக் கதவுகளைக் கழற்றிக் கலப்பைக் கொழு அடிக்கச் சொன்னார்கள். விசாரணை பாதி, தூக்கு மீதி. கிரஹாம் குலத்தாரைப் பெண்டு பிள்ளைகளோடு கப்பலேற்றி அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் கள்ளத்தனமாகத் திரும்பி வந்துவிட்டார்கள். ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஓரம்தான் ஊர். கொள்ளை மெதுவாக அடங்கியது. ஆனால் ராஜா வைத்த பெயர் நிலைக்கவில்லை. ஜனங்கள் 'பார்டர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1975-ல் ஸ்காட்லாந்தில் ஜில்லாக்களைத் திருத்தி அமைத்தபோது அரசாங்கமே அந்தப் பகுதிக்குப் 'பார்டர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டது. இதற்கு மூன்று வருஷம் முன்னால், 1972-ல், லாங்ஹோம் என்ற அந்தப் பிரதேசத்துச் சிற்றூருக்கு ஒரு விருந்தாளி வந்தார். ஊரார் அவருக்குக் கௌரவப் பிரஜை பட்டம் கொடுத்தார்கள். அவர் சந்திரனில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்டிராங். அந்தக் குலத்தில் ஒருவர் தாண்டியதற்கு மேல் எல்லை தாண்டியவர் யார்?

*

'ஃபிரான்டியர்' கதை சுருக்கம். 1893-ம் வருஷம் அந்தச் சொல்லுக்கு விசேஷமான வருஷம். ஜூலை மாதம் அமெரிக்காவில் சிக்காகோ நகரில் ஃபிரடெரிக் ஜாக்ஸன் டர்னர் என்ற இளம் சரித்திர ஆசிரியர் ஒரு கட்டுரை படித்தார். அமெரிக்காவை அமெரிக்காவாக்கியது மேற்கே நகர்ந்துகொண்டே போன ஃபிரான்டியர்தான் என்றார். அவர் சொன்ன ஃபிரான்டியர், குடியேற்றத்தின் ஓடும் விளிம்பு. அதற்கு அப்பால் 'காலி நிலம்'. அங்கே ஏற்கெனவே குடியிருந்த செவ்விந்தியர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அதே வருஷம் நவம்பரில் காபூலில் மார்ட்டிமர் டூரண்ட் அமீரோடு உட்கார்ந்து ஒரு கோட்டுக்கு ஒப்பம் வாங்கினார். பட்டாணியர் குலங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது அந்தக் கோடு. 1901-ல் கர்ஸன் பிரபு அங்கே வடமேற்கு ஃபிரான்டியர் மாகாணம் என்று ஒரு மாகாணத்தையே அமைத்தார். ஒரு மாகாணத்துக்கு நெற்றி என்று பெயர். அதில் இருப்பவர்கள் யார் என்பது பெயரிலேயே இல்லை. 2010-ல்தான் பாகிஸ்தான் அதைக் கைபர் பக்தூன்குவா என்று மாற்றியது. அங்கே வசிப்பவர்களின் பெயர் அப்போதுதான் ஏறியது. கர்ஸன் 1907-ல் ஆக்ஸ்போர்டில் ஃபிரான்டியர்களைப் பற்றியே ஒரு பிரசங்கம் செய்தார். எல்லைகளைச் சவரக் கத்தியின் கூருக்கு ஒப்பிட்டார். வங்காளத்தை 1905-ல் அறுத்தவர் அவர். கத்தியைப் பற்றிச் சொல்ல அவருக்கு அருகதை உண்டு.

கடைசியாக நாம் எல்லோரும் அறிந்த கதை. 1947-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி ஸிரில் ராட்கிளிஃப் என்ற இங்கிலீஷ் வக்கீல் இந்தியாவுக்கு வந்து இறங்கினார். அதற்கு முன் அவர் இந்தியாவைப் பார்த்ததில்லை. அவர் தலைமை வகித்த குழுவுக்குப் 'பவுண்டரி கமிஷன்' என்று பெயர். பெரும்பான்மை பார்த்துத் தொடர்ச்சியான பிரதேசங்களைப் பிரிக்க வேண்டும், 'இதர அம்சங்களையும்' கவனிக்க வேண்டும் என்பது கட்டளை. அந்த இதர அம்சங்கள் எவை என்று யாரும் விளக்கவில்லை. ஆறா, கால்வாயா, ரயிலா, கோவிலா? ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் அளந்து கோடு போட்டார். கோட்டை 17-ந் தேதிதான் வெளியிட்டார்கள். 15-ந் தேதி சுதந்திரம் வந்தபோது முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி ஏறியது. குல்னாவில் இந்தியக் கொடி ஏறியது. இரண்டு நாள் கழித்து இரண்டு ஊரும் கொடியை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தங்கை மகனிடம் இந்த இடத்தில்தான் அவன் கேள்விக்குப் பதில் சொன்னேன். "ஜனங்கள் காலம் காலமாகக் கலந்து வாழ்ந்துகொண்டிருந்த பட்டை, பார்டர். ராட்கிளிஃப் அதன்மேல் போட்டது பவுண்டரி. இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு வந்து முகத்துக்கு முகம் நின்றதும் அது ஃபிரான்டியர் ஆயிற்று. நடுவில் அகப்பட்டுக்கொண்டவனுக்கு அது எட்ஜ். இடம் ஒன்றுதான். யாருக்கு எது என்பதுதான் நாலு சொல்."

அவன் தாளை வாங்கிப் பென்ஸிலால் நிரப்பினான். நாலில் மூன்று சரி. நாலாவதில் இரண்டு சொல்லும் பொருந்தும் என்று எனக்குப் பட்டது. பரீட்சைக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா, தெரியாது.

அவன் புறப்படும்போது, "உங்கள் வாத்தியார் சிரித்தது நியாயம்தான், மாமா. வயலுக்குப் பவுண்டரிதான் சரி" என்றான்.

சரிதான் என்றேன். ஆனால் அவனுக்குத் தெரியாத ஒரு சமாசாரம் உண்டு. அந்தப் பனைமரத்துக்கு அந்தப் பக்கத்து வயல் என் பெரியப்பாவுடையது. ஒவ்வொரு வருஷமும் உழவின்போது வரப்பை இந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல்கடை, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல்கடை செதுக்குவார்கள். சர்வே கல் ஒரு நாள் காணாமல் போயிற்று. யார் பிடுங்கினார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் என் தகப்பனாரும் அவருடைய கூடப்பிறந்த அண்ணாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் அக்காள் கல்யாணப் பந்தலில் இருவரும் எதிர் எதிர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா இறந்த அன்றுதான் அப்பா அந்த வரப்பைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போனார்.

இங்கிலீஷ் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அன்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எங்களிடம் சைன்யம் இருந்ததில்லை. ஆனால் நான் எழுதிய சொல் அவ்வளவு தப்பு என்று இன்று எனக்குத் தோன்றவில்லை.